இருப்பும் வரத்தும்: கேலக்ஸிகளின் வாயு உறைகள் பற்றிய ஒரு மறுபரிசீலனை

பெருவெடிப்பு நிகழ்ந்து ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள் ஆனபோது, பிரபஞ்சத்தில் விண்மீன்கள் பிறக்கும் வேகம் உச்சத்தைத் தொட்டது. இன்று அது ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. பியரோ மதாவ், மார்க் டிக்கின்சன் இருவரும் பல்லாண்டு அவதானிப்புகளைத் தொகுத்து 2014இல் முன்வைத்த இந்தச் சித்திரத்தை இன்று வானியலாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். சரிவு நடந்தது உறுதி. காரணம்தான் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

விண்மீன்கள் குளிர்ந்த வாயுவிலிருந்து பிறப்பவை. ஆகவே வாயு தீர்ந்துவருகிறது என்ற விடை உடனே தோன்றும். ஆனால் கேலக்ஸியின் ஒளிரும் வட்டோடு அதன் வாயு முடிந்துவிடுவதில்லை. வட்டைச் சூழ்ந்து, லட்சக்கணக்கான ஒளியாண்டுகள் விரிந்த மெல்லிய வாயு உறை ஒன்று இருக்கிறது. வானியலாளர்கள் ஹாலோ என்று சொல்லும் இந்த உறை கண்ணுக்குத் தெரியாது. அதன் மொத்த நிறையோ வட்டில் உள்ள வாயுவை விஞ்சக்கூடியது. வாயு உண்மையிலேயே தீர்ந்ததா, அல்லது உறையில் இருந்தும் வட்டுக்குள் இறங்க முடியாமல் போனதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அணை நிலவரத்தை நாளேடுகள் இருப்பு, வரத்து, வெளியேற்றம் என்று மூன்று எண்களில் சொல்வதைப்போல, கேலக்ஸியின் வாயுக் கணக்கையும் மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். சான்றுகளை அப்படி வரிசைப்படுத்தும்போது இருப்பைப் பற்றி ஓரளவும், வெளியேற்றத்தைப் பற்றிக் கணிசமாகவும், வரத்தைப் பற்றி மிகக் குறைவாகவுமே தெரியும் என்பது புலனாகிறது. பல முடிவுகள் இந்த ஏற்றத்தாழ்வை மறந்து எழுதப்படுகின்றன.

1. கருத்து உருவான வழி

1956இல் லைமன் ஸ்பிட்சர் ஒரு சிக்கலை எதிர்கொண்டார். பால்வெளியின் வட்டுக்கு வெகு உயரத்தில் குளிர்ந்த வாயு மேகங்கள் இருப்பதைக் கிடோ மூன்ச்சின் அவதானிப்புகள் காட்டியிருந்தன. வெற்றிடத்தில் விடப்பட்ட மேகம் விரிந்து கலைந்துபோக வேண்டும், இவை கலையவில்லை. சுற்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் டிகிரி வெப்பநிலையில் மெல்லிய வாயு இருந்து, அதன் அழுத்தம் மேகங்களைக் கட்டிவைத்திருக்க வேண்டும் என்று ஸ்பிட்சர் வாதிட்டார். அந்த வாயுவை அன்று எந்தக் கருவியாலும் பார்க்க முடியவில்லை.

1963இல் மார்ட்டன் ஸ்மிட், 3சி 273 என்ற குவேசாரின், அதாவது மிகப் பிரகாசமான ஓர் ஒளிமூலத்தின், செம்பெயர்ச்சியை (பிரபஞ்ச விரிவால் அலைநீளம் நீண்ட அளவை) அளந்து அது மிகத் தொலைவில் இருப்பதைக் காட்டினார். அதன்பின் ஒரு புதிய வழி திறந்தது. குவேசாரின் ஒளி நம்மை வந்தடையும் பாதையில் குறுக்கிடும் வாயு, நிறமாலையில் உட்கவர் கோடுகளைப் பதித்துவிடும். அந்தக் கோடுகளில் பல, இடையிலுள்ள சாதாரண கேலக்ஸிகளின் விரிந்த உறைகளால் உண்டானவை என்று ஜான் பாகாலும் ஸ்பிட்சரும் 1969இல் முன்மொழிந்தனர். ஒரு குறிப்பிட்ட மக்னீசியக் கோட்டுக்குக் காரணமான கேலக்ஸி எது என்பதை ஜாக்குலின் பெர்ஜரான் அடையாளம் காட்ட 1986 ஆயிற்று. கருதுகோளுக்கும் முதல் தெளிவான உறுதிக்கும் இடையே பதினேழு ஆண்டுகள்.

2. முறையின் எல்லைகள்

குவேசார் என்ற பின்னொளியை நம்பும் முறை மிக நுட்பமானது. ஒரு கன சென்டிமீட்டரில் ஓர் அணுகூட இல்லாத வாயுவையும் அது பிடித்துவிடும். அதன் குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தொலைவான ஒரு கேலக்ஸிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஒரு குவேசார்தான் அமையும். அதாவது, பல லட்சம் ஒளியாண்டு அகல உறையை ஒரு நூலிழை தைக்கும் ஒற்றைப் புள்ளியில் மட்டும் அளக்கிறோம். பல கேலக்ஸிகளின் ஒற்றைப் புள்ளிகளைச் சேர்த்து ‘சராசரி உறை’ ஒன்றை வரைகிறோம்.

காலமாற்றத்தைப் பேசும்போது இன்னொரு இடைஞ்சல் சேர்கிறது. ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா கோடு 121.6 நானோமீட்டரில் உள்ள புற ஊதாக் கோடு. பூமியின் வளிமண்டலம் அதைத் தடுத்துவிடும். 1,000 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒளி என்றால், பிரபஞ்ச விரிவால் அலைநீளம் நீண்டு தரையிலுள்ள தொலைநோக்கிக்கே எட்டும். அண்மைக்கால கேலக்ஸிகளுக்கு ஹபிள் போன்ற விண்வெளிக் கருவி தேவை. பழைய காலத்தைக் கெக், விஎல்டி முதலான பெருந்தொலைநோக்கிகளும் புதிய காலத்தை 2.4 மீட்டர் ஹபிளும் அளக்கின்றன. இரண்டையும் ஒட்டித்தான் பரிணாமக் கதை எழுதப்படுகிறது. எந்த ஒரு கேலக்ஸியும் வளர்வதை எவரும் பார்த்ததில்லை. வெவ்வேறு வயதினரை ஒப்பிட்டே வளர்ச்சி ஊகிக்கப்படுகிறது.

3. இருப்பு: அண்மைக்கால உறைகள்

2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் ஹபிளில் புதிய புற ஊதா நிறமாலைமானி ஒன்றைப் பொருத்தினர். அதைக் கொண்டு ஜேசன் டம்லின்சன் தலைமையிலான குழு 42 கேலக்ஸிகளின் உறைகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இத்துறையின் திருப்புமுனை. விண்மீன்களைப் பிறப்பித்துக்கொண்டிருந்த 30 கேலக்ஸிகளில் 27இல், ஐந்து எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் தென்பட்டது. மையத்திலிருந்து கிட்டத்தட்ட 5 லட்சம் ஒளியாண்டு தொலைவுவரை அது பரவியிருந்தது. விண்மீன் பிறப்பு நின்றுபோன 12 கேலக்ஸிகளில் நான்கில் மட்டுமே அது காணப்பட்டது.

ஆக்சிஜன் பெருவெடிப்பில் உருவானதல்ல, விண்மீன்களுக்குள் சமைந்தது. அது இவ்வளவு தொலைவில் இருப்பதே வட்டிலிருந்து வாயு வெளியே வீசப்பட்டதற்குச் சாட்சி. மோலி பீப்பிள்ஸும் சக ஆய்வாளர்களும் 2014இல் போட்ட கணக்கின்படி, ஒரு கேலக்ஸியின் விண்மீன்கள் உருவாக்கிய கன தனிமங்களில் 20 முதல் 25 விழுக்காடுதான் கேலக்ஸிக்குள் தங்கியிருக்கிறது.

ஒற்றைப் புள்ளிச் சிக்கலுக்கு ஒரு விலக்கு ஆந்திரமேடா. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருப்பதால் வானில் அதன் உறை மிக அகலமாக விரிகிறது; பின்னால் பல குவேசார்கள் அமைகின்றன. நிக்கோலா லேனரின் குழு 43 குவேசார்களைப் பயன்படுத்தி 2020இல் அந்த உறையை வரைந்தது. 13 லட்சம் ஒளியாண்டுவரை, சில திசைகளில் 20 லட்சம்வரை அது நீள்கிறது. உள்ளே கொந்தளிப்பான ஓர் அடுக்கு, வெளியே அமைதியான, வெப்பம் கூடிய இன்னோர் அடுக்கு. ‘சராசரி உறை’ என்ற கருத்து எவ்வளவு விவரங்களை மழுப்பிவிடுகிறது என்பதற்கு இந்த வரைபடமே சான்று.

நிறையைப் பொறுத்தவரை எண்கள் ஒத்துப்போவதில்லை. ஜெசிகா வெர்க்கின் குழு 2014இல் குளிர் வாயுவின் நிறை குறைந்தது 6,500 கோடி சூரிய நிறை என்று மதிப்பிட்டது. ஜொனாதன் ஸ்டெர்னின் குழு 2016இல் அதே உட்கவர் கோடுகளை வேறொரு அடர்த்திக் கட்டமைப்பின்படி வாசித்தபோது ஏறத்தாழ 1,300 கோடி என்று வந்தது. அவதானிப்பு ஒன்று, விடையில் ஐந்து மடங்கு வித்தியாசம். கோடுகள் அயனிகளை எண்ணித் தருகின்றன. அயனிகளிலிருந்து மொத்த வாயுவுக்குப் போகும் பாதை முழுவதும் கோட்பாட்டின் பொறுப்பு.

4. வரத்து: சூடாகவா, குளிர்ந்தா?

1970களின் பிற்பகுதியில் மார்ட்டின் ரீஸ், ஜெரிமியா ஆஸ்ட்ரைக்கர், சைமன் வைட் ஆகியோரின் ஆய்வுகள் வகுத்த சித்திரத்தில், கரும்பொருளின் ஈர்ப்பால் உள்ளே விழும் வாயு அதிர்ச்சி அலையில் மோதிச் சூடாகி, பிறகு மெல்லக் குளிர்ந்து வட்டில் அமரும். 2003 முதல் இதற்கு மாற்று எழுந்தது. யுவல் பிர்ன்போய்ம், அவிஷை டெக்கல், துசான் கெரெஷ் முதலியோரின் கணக்கீடுகளில், ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி சூரிய நிறைக்குக் குறைந்த அமைப்புகளில் வாயு சூடாகாமலேயே இறங்கியது. பெரிய அமைப்புகளிலும் தொடக்கக் காலத்தில் குறுகிய குளிர் ஓடைகள் சூடான உறையைத் துளைத்துச் சென்றன என்று டெக்கலின் 2009 கட்டுரை வாதிட்டது. உச்சத்தையும் சரிவையும் ஒரே வீச்சில் விளக்கியதால் இந்தச் சித்திரம் வேகமாகப் பரவியது.

2013இல் டிலன் நெல்சன் குழு ஒரு கேள்வியை எழுப்பியது. அதே இயற்பியலை வேறொரு கணக்கீட்டு முறையில் ஓட்டியபோது, பெரிய கேலக்ஸிகளை வந்தடையும் குளிர் வாயுவின் பங்கு வெகுவாகக் குறைந்தது. முந்தைய முறையில் தோன்றிய குளிர் வாயுவில் ஒரு பகுதி கணிப்பு முறையின் குறைபாட்டால் பிறந்தது. உறையில் குளிர் மேகங்கள் மிக நுண்ணிய துணுக்குகளாகச் சிதறக்கூடும் என்று மைக்கேல் மெக்கோர்ட் குழு 2018இல் காட்டிய பிறகு சிக்கல் கூடியது. பிரபஞ்ச அளவிலான எந்தக் கணினி உருவகமும் அத்துணுக்குகளின் அளவை நெருங்கவில்லை.

அவதானிப்பும் இங்கே தடுமாறுகிறது. கேட் ரூபின் குழு, கெக் தொலைநோக்கி கொண்டு ஏறத்தாழ 100 கேலக்ஸிகளை ஆராய்ந்ததில், வாயு உள்ளே விழுவதன் தெளிவான அறிகுறி ஆறில் மட்டுமே கிடைத்தது. வெளிநோக்கிய வாயுக்காற்றோ அதேபோன்ற மாதிரியில் மூன்றில் இரண்டு பங்கில் தெரிந்தது. வரத்தைவிட வெளியேற்றம் பத்து மடங்கு என்று இதை வாசிக்கக் கூடாது. காற்று அகன்ற கூம்பாக வீசுவதால் பல கோணங்களில் அகப்படும். ஓடை குறுகலானது, நம் பார்வைக் கோட்டில் நேராக வந்தால்தான் தெரியும். போதாததற்கு, அதே கேலக்ஸியின் வெளிக்காற்று உள்விழும் வாயுவின் மெல்லிய அடையாளத்தை மூடிவிடும்.

உள்ளே வருவது எல்லாம் புதிய வாயுவும் அல்ல. 1963இல் கெய்ல் ஸ்மித் கண்டறிந்த மேகம் ஒன்று பால்வெளியை நோக்கி விரைந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளில் வட்டில் மோதும். வெளியிலிருந்து வரும் ஆதி வாயுவாக இருக்கலாம் என்று கருதப்பட்ட அதில், சூரியனில் உள்ளதில் பாதியளவு கந்தகம் இருப்பதை ஆண்ட்ரூ ஃபாக்ஸ் குழு 2016இல் ஹபிள் மூலம் அளந்தது. அவ்வளவு கந்தகம் ஆதி வாயுவில் இருக்காது. பால்வெளியின் வட்டிலிருந்தே போய்த் திரும்புவதாக இருக்க வேண்டும். தொலைவிலும் இதற்கு இணை உண்டு. 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெரிய கேலக்ஸி ஒன்றைச் சுற்றிச் சுருள் பாதையில் உள்ளிறங்கும் ஓடைகளை ஷிவு ஜாங், ஜெங் காய் முதலியோர் 2023இல் விவரித்தனர். அந்த ஓடைகளிலும் கன தனிமங்கள் கலந்திருந்தன.

5. கடந்த காலத்தின் உறைகள்

2014இல் சிலியிலுள்ள விஎல்டியில் நிறுவப்பட்ட மியூஸ் கருவி, உறைகளின் ஒளிர்வையே நேரடியாகப் பார்க்க வழிசெய்தது. ஃப்ளோரியான் லெக்லெர்க் குழு 2017இல், ஹபிள் ஆழ்புலத்தில் 145 தொலைவுக் கேலக்ஸிகளைச் சுற்றி லைமன்-ஆல்ஃபா உறைகளைக் கண்டது. நம்பகமாக அளக்க முடிந்தவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு இத்தகைய உறை இருந்தது. செம்பெயர்ச்சி (எண் கூடினால் காலம் பழையது) 3 முதல் 6 வரையிலான காலத்தில் உறைகளின் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் அவர்கள் காணவில்லை.

குவேசார்களைச் சுற்றிய வாயுவின் நிலை வேறு. செம்பெயர்ச்சி 3ஐ ஒட்டிய 17 பிரகாசமான குவேசார்களை எலனா போரிசோவா குழு 2016இல் பார்த்தபோது, பதினேழையும் சுற்றிப் பேருறை ஒளிர்ந்தது. செம்பெயர்ச்சி 2ஐ ஒட்டிய குவேசார்களை ஜெங் காய் குழு 2019இல் ஆராய்ந்தபோது, பிரபஞ்ச விரிவுக்கான திருத்தம் செய்த பிறகும் ஒளிர்வு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு மங்கியிருந்தது. இடைப்பட்ட நூறு கோடிச் சொச்சம் ஆண்டுகளில் பெரிய அமைப்புகளின் குளிர் வாயு குறைந்ததற்கான அறிகுறியாக இதைக் கொள்ளலாம். ஓர் எச்சரிக்கை மட்டும்: லைமன்-ஆல்ஃபா ஒளித்துகள்கள் ஹைட்ரஜன் அணுக்களில் மீண்டும் மீண்டும் சிதறியே வெளியேறுகின்றன. ஒளிர்வு கூடியிருந்தால் வாயு கூடியிருக்கிறது என்று நேரடியாக மாற்றிக்கொள்ள இயலாது.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கதையை இன்னும் பின்னால் தள்ளியது. பெருவெடிப்புக்கு 40 முதல் 60 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய மூன்று கேலக்ஸிகளை மிக அடர்த்தியான நடுநிலை ஹைட்ரஜன் சூழ்ந்திருப்பதாகக் காஸ்பர் ஹைன்ட்ஸ் குழு 2024இல் அறிவித்தது. உறை உருவாகும் கட்டத்தையே பார்க்கிறோம் என்பது அவர்கள் வாசிப்பு. இந்த வாசிப்புக்கு அடிப்படையான நிறமாலை வளைவை, கேலக்ஸிக்கு வெளியே அன்று இன்னும் அயனியாகாதிருந்த பொது வாயுவும், மிகச் சூடான விண்மீன்களைச் சூழ்ந்த வாயுவின் தொடர் ஒளிர்வும் ஓரளவு உண்டாக்கக்கூடும் என்பது எதிர்வாதம். லைமன்-ஆல்ஃபா கோட்டின் வடிவத்தை இன்னும் கூர்மையாக அளக்கும்வரை இரண்டுக்கும் இடமுண்டு.

6. ‘தீர்ந்துவிட்டது’ என்ற விடைக்கு ஆதரவு

தட்டுப்பாட்டு வாதத்துக்கு வலுவான சான்று புனேக்கு வடக்கே கோடாட்டிலிருந்து வந்தது. அங்குள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களால் ஆனது. நடுநிலை ஹைட்ரஜன் வெளியிடும் 21 சென்டிமீட்டர் அலை, 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒற்றைக் கேலக்ஸியிலிருந்து வரும்போது பிடிபடாத அளவு மெலிந்துவிடும். ஆதித்ய சௌத்ரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் முதலியோர் 7,653 கேலக்ஸிகளின் சமிக்ஞைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தனர். 2020இல் வெளியான முடிவு: அந்தக் கேலக்ஸிகளில் ஹைட்ரஜன் நிறைய இருந்தது, ஆனால் அன்றைய விண்மீன் பிறப்பு வேகத்துக்கு அது 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதுமானது. வரத்து ஈடுகொடுக்காததே பிற்காலச் சரிவுக்குக் காரணம் என்று அவர்கள் முடித்தனர். 11,419 கேலக்ஸிகளைக் கொண்ட 2022 தொடராய்வில், செம்பெயர்ச்சி 1.3இலிருந்து 1.0க்கு வரும் ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளில் சராசரி ஹைட்ரஜன் நிறை மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது தெரிந்தது.

இதில் கவனிக்கத்தக்கது, முடிவு வரத்தைக் குறித்தது, அளவீடோ இருப்பைக் குறித்தது என்பது. வரத்து இங்கே கழித்தலில் கிடைத்த எண். மாதிரியில் இருந்தவை விண்மீன்களைப் பிறப்பித்துக்கொண்டிருந்த நீலக் கேலக்ஸிகள் மட்டுமே. அயனியான வாயு 21 சென்டிமீட்டரில் தெரியாது. உறையின் பெரும்பகுதி அயனியானது. ஆக, வட்டுக்கும் அதை ஒட்டிய பகுதிக்கும் தட்டுப்பாடு வந்தது என்பதைத்தான் ஜிஎம்ஆர்டி நிறுவுகிறது. உறை வற்றியதா என்பதைப் பற்றி அது பேசவில்லை.

குவேசார் கோடுகளைக் கொண்டு பிரபஞ்சம் முழுவதற்கும் போடப்பட்ட கணக்கும் இதே இடத்தைச் சுட்டுகிறது. செம்பெயர்ச்சி 3 முதல் இன்றுவரை நடுநிலை ஹைட்ரஜனின் மொத்த அடர்த்தி ஏறத்தாழ இரு மடங்குதான் மாறியிருக்கிறது. விண்மீன் பிறப்போ உச்சத்திலிருந்து ஒன்பதில் ஒன்றானது. இருப்பு மட்டுமே காரணமாயின் இரு வளைகோடுகளும் ஏறக்குறைய ஒன்றாகச் சரிந்திருக்க வேண்டும்.

7. இருந்தும் இறங்காத வாயு

டம்லின்சன் குழுவின் அதே தரவில், விண்மீன் பிறப்பு நின்ற கேலக்ஸிகளைக் கிறிஸ்டோபர் தாம் 2012இல் தனியே ஆராய்ந்தார். ஆக்சிஜன் அயனி குறைவாக இருந்த அந்த உறைகளில் குளிர்ந்த ஹைட்ரஜன் ஏறக்குறைய மற்றவற்றுக்கு நிகராகவே இருந்தது. தட்டுப்பாட்டு வாதத்தை இது நேரடியாகத் தாக்குகிறது. ஆக்சிஜன் குறைந்ததற்கும் இரு விளக்கங்கள் இருக்கின்றன: பெரிய உறை மேலும் சூடாகி ஆக்சிஜன் அடுத்த அயனி நிலைக்குப் போயிருக்கலாம் என்கிறார் பெஞ்சமின் ஓப்பன்ஹைமர், கருந்துளையின் வீச்சு வாயுவை வெளியே தள்ளியிருக்கலாம் என்கிறது நெல்சன் குழு.

இறக்கத்தைத் தடுக்கும் சக்தி எது என்பதற்குக் கேலக்ஸிக் கொத்துகளே மிகத் தெளிவான சான்று. எக்ஸ் கதிரில் ஒளிரும் அவற்றின் மைய வாயு, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரிய நிறை வீதம் குளிர்ந்து விழ வேண்டும். 2001 முதல் வந்த எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்வெளித் தொலைநோக்கியின் நிறமாலைகளில் அத்தகைய குளிர் வாயு எதிர்பார்த்த அளவில் இல்லை. பெர்சியஸ் கொத்தின் மையக் கருந்துளை ஊதிய குமிழிகளைச் சந்திரா தொலைநோக்கி காட்டியது; அந்த ஆற்றல் குளிர்தலை ஈடுசெய்யப் போதுமானது. விதிவிலக்காக ஃபீனிக்ஸ் கொத்து இருக்கிறது. மைக்கேல் மெக்டொனால்ட் குழு 2012இல் அதன் மையத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 740 சூரிய நிறை அளவுக்கு விண்மீன்கள் பிறப்பதைக் கண்டது. தடை தளர்ந்தால் வாயு இறங்கும் என்பதை ஃபீனிக்ஸ் உணர்த்துகிறது.

இளம் பிரபஞ்சத்திலும் வெளியேற்றம் வலுவாகவே இருந்தது. 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெரிய கேலக்ஸியிலிருந்து நடுநிலை வாயு ஆண்டுக்கு ஏறத்தாழ 35 சூரிய நிறை வீதம் வெளியேறுவதைச் சிரியோ பெல்லி குழு ஜேம்ஸ் வெப் கொண்டு 2024இல் அளந்தது. அதன் விண்மீன் பிறப்பை விரைவில் நிறுத்த அது போதும். வேக ரேடியோ வெடிப்புகள் (கணநேர ரேடியோத் துடிப்புகள்) 69ஐப் பயன்படுத்தி லியம் கானர் குழு 2025இல் போட்ட கணக்கில், சாதாரணப் பருப்பொருளில் நான்கில் மூன்று பங்கு கேலக்ஸிகளுக்கு இடைப்பட்ட வெளியில் இருக்கிறது. கேலக்ஸிகளின் வீச்சு தம் உறையையும் தாண்டிச் சென்றிருக்க வேண்டும் என்பதற்கு இது இசைவானது.

8. சான்றுகளை எடைபோட்டால்

இரண்டு நிகழ்வுகளைப் பிரிக்காமல் பேசிவருவதால் குழப்பம் நீடிக்கிறது. பிரபஞ்ச அளவிலான சரிவு ஒன்று. தனிக் கேலக்ஸியில் விண்மீன் பிறப்பு நின்றுபோவது மற்றொன்று. முதலாவதற்கு வரத்துக் குறைவே பொருத்தமான விளக்கம்: விரியும் பிரபஞ்சத்தில் விழும் பொருளின் வீதம் இயல்பாகவே தணிகிறது, ஜிஎம்ஆர்டி முடிவுகளும் குவேசார்ப் பேருறைகள் மங்குவதும் அதனோடு ஒத்துப்போகின்றன. இரண்டாவதற்கு அந்த விளக்கம் போதாது. கிறிஸ்டோபர் தாம் கண்ட குளிர் ஹைட்ரஜனும் கொத்துகளின் எக்ஸ் கதிர்ச் சான்றும், வாயு அருகிலேயே இருந்தும் இறங்காத நிலையைக் காட்டுகின்றன. வெளியேற்றம் உறையைச் சூடாக்குகிறது. சூடான உறை அடுத்த வரத்தை மறிக்கிறது.

இந்த வாசிப்பைப் பொய்ப்பிக்கும் வழிகளும் இருக்கின்றன. நின்றுபோன கேலக்ஸிகளின் குளிர் ஹைட்ரஜன், அவற்றின் சொந்த உறையைச் சேராமல் அண்டையிலுள்ள சிறு கேலக்ஸிகளுடையது என்று தெரியவந்தால் தடை வாதம் பலவீனமாகும். ஸ்டெர்னின் குறைந்த நிறை மதிப்பீடு சரியானால் ‘பெரிய இருப்பு’ என்ற அடிப்படையே சுருங்கும். ஒற்றைப் புள்ளி அளவீடு இவற்றைத் தீர்க்காது. ஒரே உறையை முழுப் படமாக எடுக்க வேண்டும். அருகிலுள்ள கேலக்ஸிகளின் உறைகளில் ஆக்சிஜன் அயனியின் ஒளிர்வையே வரைபடமாக்க அரிசோனா பல்கலைக்கழகத்தின் தலைமையில் ஆஸ்பெரா என்ற சிறு விண்கலம் வடிவமைக்கப்பட்டது. சிலியில் எழும் 39 மீட்டர் ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கியின் ஒளித்திரட்டும் திறனில், சாதாரண கேலக்ஸிகளையே பின்னொளியாகக் கொள்ள முடியும். ஒரே உறைக்குப் பின்னால் ஒரு குவேசாருக்குப் பதிலாகப் பல ஒளிமூலங்கள் கிடைக்கும். ஆந்திரமேடாவுக்கு 43 கோடுகளால் செய்ததை 1,000 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் உறைக்கும் செய்ய முடிந்தால், கழித்தலால் ஊகிக்கப்படும் வரத்தை வேகமும் திசையும் கொண்ட நேரடி அளவாகப் பெறலாம்.